மண் பூசிய மூட்டம்

ஏழாம் வகுப்புக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். அதில் ஆற்றல் என்றொரு பாடம் வரும். அந்த வாரம் வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். பாடத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது, நல்ல பாடம்தான். விறகு எரியும்போது அதற்குள் இருக்கும் வேதி ஆற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது. பட்டாசு வெடித்தால் அதோடு ஒலியும் சேர்ந்துகொள்கிறது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதைச் சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறார்கள். உராய்வு என்றால் என்ன என்று கேட்டால் வேறு ஊர்ப் பிள்ளைகள் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டும். எங்கள் பிள்ளைகள், "பேப்பர்ல போடுவாக டீச்சர், உராய்வு காரணமா வெடிச்சதுன்னு" என்று சொல்லும். இதற்குச் சரி போடுவதா, தப்புப் போடுவதா? நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு காலத்தில் இந்தப் பாடத்தை நான் கதை மாதிரி நடத்திக்கொண்டிருந்தவள். என் அக்கா உயிரோடு இருந்த காலம் அது.

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அவளே ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். பச்சைப் பொய். வீட்டில் ஒருத்திதான் படிக்க முடியும் என்ற நிலை வந்தபோது, புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிப் போனவள் அவள். கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. புஸ்வாணத்தை நாங்கள் பூச்சட்டி என்போம். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது அவள் முகம், கழுத்து, புருவம் எல்லாம் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி வெள்ளியாக மினுங்கும். "சாமி வருது, சூடம் காட்டுங்க" என்று நான் கேலி செய்வேன். குளித்து, தலை அலசி, வேறு சேலை மாற்றாமல் அவள் அடுப்படிப் பக்கம் போகமாட்டாள். மருந்தறையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எல்லாம் இதுதான் வழக்கம். வேலைச் சேலை கொல்லைப்புறம் தனிக் கொடியில் தொங்கும். அது கிழிந்து கந்தலானாலும் அடுப்புப் பாத்திரம் பிடிக்கிற துணியாகக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். தலை சீவி உதிர்ந்த முடியைச் சுருட்டி அவள் அடுப்பில் போட்டால் பொட் பொட்டென்று நாலு வெள்ளைப் பொறி பறக்கும். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். "பாத்தியா புள்ள, தீவாளிக்குத் தனியா வெடி வாங்க வேண்டாம். எந்தலையே போதும்." அந்தப் பொறியைப் பார்க்கும்போதெல்லாம் நான் அடுப்பைவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். வேலையை விடு என்று எத்தனையோ தடவை சொன்னேன். விட்டுட்டு என்ன செய்ய, உன் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கவா என்பாள். அவளோடு பேசி ஜெயித்தவர்கள் யாருமில்லை.

அவளுக்கு வாய்த்த புருஷன், என் அத்தான், கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம்தானே. அதை வெட்டிக் காயவைத்துக் கட்டை கட்டையாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணைக் குழைத்துப் பூசி மூடி, உள்ளே தீ வைப்பார். பூசிய மண்ணில் விட்டிருக்கும் சின்னத் துளைகள் வழியாகப் புகை மட்டும் வரும். கட்டை எரியக் கூடாது, உள்ளுக்குள்ளேயே வெந்து புழுங்க வேண்டும். அப்போதுதான் கரி. மண் வெடித்துக் காற்றுப் புகுந்து தீ எழும்பிவிட்டால் எல்லாம் சாம்பல், உழைப்பு வீண். அதனால் வெடிப்பு விடுகிற இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டே மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். பேச்சு மிகவும் கம்மி. நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். அக்கா எட்டு வார்த்தை பேசுகிறவள். ஆண்டவன் கணக்குப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தான் என்று அம்மா சொல்வாள். இருவரும் எங்கள் வீட்டோடுதான் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அத்தான் ஒரு நாளும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

புருஷன் விறகை எரியவிடாமல் காக்கிறான், பெண்டாட்டி மருந்தை எரியவிடாமல் காக்கிறாள், நல்ல குடும்பம் என்று நான் வகுப்பில்கூட உதாரணம் சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லாமல்தான். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டுச் சிரிக்கும்.

அந்த வருஷம் தீபாவளிச் சீசனில் மழை முந்திக்கொண்டது. ஆர்டர் குவிந்து கிடந்தது, மருந்து காயவில்லை, வேன் இருட்டோடு வந்து இருட்டோடு போனது. ராத்திரி அக்கா வீட்டுக்கு வந்தால் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்துவிடுவாள். அடுப்பை நான்தான் பற்றவைப்பேன்.

சத்தம் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். முதலில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. பிறகு சத்தம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. யாரும் கத்தமாட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்க்கும். தன் அம்மா வேலை பார்க்கும் கம்பெனி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். புகை வேறு பக்கம் என்றால் பேசாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தன் பக்கம் என்றால் பையைக்கூட எடுக்காமல் ஓடும். அன்றைக்கு நானும் ஜன்னலுக்குப் போனேன். வடக்கே, பனைமரங்களுக்குப் பின்னால், வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

அவளை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தீக்காய வார்டில் நானும் அத்தானும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். அவள் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. முகத்தைப் பார்த்தால் பிழைத்துவிடுவாள் என்றுதான் தோன்றும். கழுத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. மேலே துணி படக் கூடாது என்று வளைவாகக் கம்பி வைத்து அதன்மேல் போர்வை போட்டிருந்தார்கள்.

அவள் வலிக்கிறது என்று சொன்னதைவிடக் குளிருகிறது என்று சொன்னதுதான் அதிகம். "குளுருது புள்ள. மேல ஏதாச்சும் போடு. குளுருது." வெந்துபோன உடம்பு குளிரில் நடுங்கியதை நான் அங்கேதான் பார்த்தேன். நர்ஸம்மா சொன்னார், தோல் போய்விட்டால் உடம்பால் சூட்டைப் பிடித்துவைக்க முடியாது, உள்ளேயிருக்கும் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டே இருக்கும் என்று. எனக்குப் புரிந்தது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். நான் நடத்துகிற பாடம்தானே அது! புரிந்து என்ன பிரயோசனம்? போர்வைக்கு மேல் போர்வை போட்டார்கள். அவள் பல் தந்தியடிப்பது நிற்கவே இல்லை. அத்தான் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, அவள் கன்னத்தில் வைத்துவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். தொட விட்ட இடம் அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் அத்தான் டீ வாங்கப் போயிருந்தபோது அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் போயிட்டேன்னா என்னைய எரிக்க விட்டுறாத புள்ள."

"சும்மா கெட. யாரு இப்ப போறா?"

"கேளு. ஒரு தடவ எரிஞ்சது போதும். இன்னொரு தடவ தீ வேண்டாம். மண்ணுல வச்சிருங்க."

"வாயக் கழுவு" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று நான் சொல்லும்வரை பார்த்தாள். சொன்னேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நாளில் போய்விட்டாள்.

ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. அதே வெடியில் வெந்து அதே வார்டில் கிடந்த இன்னும் இரண்டு பேரும் அன்றைக்கே போயிருந்தார்கள்; எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டு வாசலில் பந்தல். கம்பெனியிலிருந்து ஒரு லோடு விறகு வந்து ஊர் மடத்துப் பக்கம் இறங்கிக் கிடந்தது. நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. மழையில் நனைந்து கறுத்துப்போன கருவேலக் கட்டைகள்.

எங்களில் கல்யாணமானவர்களை எரிப்பதுதான் வழக்கம். புதைப்பது என்றால் பச்சைக் குழந்தைகளைத்தான். நான் நேரே அத்தானிடம் போனேன்.

"அத்தான், அக்காவ எரிக்கக் கூடாது. பொதைக்கணும். அவ எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெரியப்பாதான் பேசினார். ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர்.

"தாயி, நீ படிச்ச புள்ள. ஒனக்குச் சொல்லணுமா? தாலியோட போனவள மண்ணுல போட்டா நாளைக்கு நாலு பேரு என்ன கேப்பாக?"

"நாலு பேருக்கா பெரியப்பா வெந்துச்சு? அவளுக்குத்தான வெந்துச்சு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. எழவு வீட்டில் பொம்பளை இப்படிக் குரல் உயர்த்தினால் எங்கள் ஊரில் அதிகம்தான். உயர்த்தினேன். எரிந்த உடம்பை மறுபடியும் எரிக்க உங்களுக்கெல்லாம் மனசு வருதா என்று கேட்டேன். அம்மா காலைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழுது அழுது குரல் போனவளாக, "மாப்ள சொல்றதுதான் முடிவு, அவுகதான கொள்ளி வைக்கணும்" என்றாள். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் எழுந்து மழையில் இறங்கிச் சுடுகாட்டுப் பக்கம் போனார்.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. குழிக்கு இடம் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து முழங்கை வரைக்கும் சேறாகத் திரும்பி வந்தார். பெரியப்பாவிடம், "எரிச்சிருவோம்" என்றார்.

"அவ சொன்னான்னு சொல்றேன்ல! நம்பலயா? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"புள்ள, விட்டுரு."

"விட முடியாது!"

"விட்டுரு தாயி" என்றார் மறுபடியும். கம்பெனி விறகு வேண்டாம் என்றார். அவர் கொட்டகையில் மூட்டத்துக்கென்று காயவைத்திருந்த கட்டைகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். வைக்கோல் கேட்டார். மண்வெட்டி கேட்டார். மற்ற இரண்டு வீட்டுக்கும் அந்த லோடுதான் போனது.

எங்கள் ஊரில் எழவு எடுத்தால் தெரு முழுக்க வேட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். வெடி செய்கிற ஊராச்சே, எதில் குறை வைத்தாலும் அதில் வைக்கமாட்டார்கள். ஆனால் கம்பெனியில் போனவர்களுக்கு மட்டும் வேட்டு கிடையாது. யாரும் சொல்லி ஏற்பட்ட சட்டம் இல்லை, யாருக்கும் கை வராது, அவ்வளவுதான். மூன்று பேரையும் மழைச் சத்தத்தோடு மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையில் நின்றுகொண்டோம். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தான் முதுகையே பார்த்தேன். நாசமாய்ப் போ என்று மனதுக்குள் சொன்னேன். சொன்னது உண்மை.

போய்விட்டு வந்த ஆண்கள் வாசலில் கால் கழுவும்போது பேசிக்கொண்டார்கள். மற்ற இரண்டு சிதையும் ஈரவிறகு, எண்ணெய் ஊற்றி ஊற்றித்தான் பிடித்ததாம். ஈரவிறகு அப்படித்தான். அதன் சூட்டில் பாதி, உள்ளேயிருக்கும் தண்ணீரை ஆவியாக்கி விரட்டவே போய்விடும். "இவுக மட்டும் கரிமூட்டம் மாதிரி போட்டுட்டாக" என்றார் ஒருவர். "எங்கனயும் தீயே தெரியல. சுத்தி மண்ணப் பூசி, இம்புட்டுக்காண்டு ஓட்ட விட்டு, உள்ளயே வேகவிட்டுட்டாக. நம்ம ஊர்ல யாரு இப்பிடிச் செஞ்சா?" எங்கள் ஊரில் அடுக்கித் திறந்துதான் எரிப்பார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கட்டின பெண்டாட்டியைக்கூட இந்த மனுஷன் கரிக்கட்டை மாதிரிப் போட்டு வேகவைத்துவிட்டான் என்று தோன்றியது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை. மூட்டத்தைச் சுற்றி வந்து மண் அப்பிக்கொண்டே அங்கேயே நின்றாராம்.

பதினாறு முடியும்வரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தால் எழுந்து போனேன். அம்மா கெஞ்சினாள். சொந்தக்காரர்கள், இவளுக்கு வாத்தியாரம்மா என்கிற திமிர் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாகப்போகிறவளுக்குக் கொடுத்த வாக்கு என்னுடையது, அவர்களுடையது இல்லை. என் அக்கா வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்ய விடவில்லை.

விசேஷம் முடிந்து மறுநாள் அவர் கொட்டகைக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும் நானும் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, அதோடு இந்த உறவு வேண்டாம் என்று வந்துவிடுவது. மழை விட்டிருந்தது. புதிதாக ஒரு மூட்டம் போட்டு, அதன் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா புள்ள. உக்காரு."

"உக்கார வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அக்கா சொன்னான்னு நான் சொன்னத நீங்க நம்பலயா?"

"நம்பாம என்ன?" என்றார். மூட்டத்தில் வெடிப்பு விட்ட இடத்தில் மண்ணை அப்பிவிட்டு, "எங்கிட்டயும் சொன்னா" என்றார்.

கருவேலக் கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப தெரிஞ்சேவா செஞ்சீக?"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"மொதல்ல குழிதான் வெட்டச் சொன்னேன். ஒங்களுக்கெல்லாம் தெரியாது. நீ கத்திக்கிட்டிருக்கைல நான் அதுக்குத்தான் போனேன். பாதிக்கு மேல வெட்டியாச்சு. மழையில வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. எறைச்சோம். மறுபடி ஊறுது. சரி, மண்ணாச்சும் எப்பிடி இருக்குன்னு கைய விட்டுப் பாத்தேன் புள்ள. ஐஸு. அப்பிடியொரு ஐஸு." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அம்புட்டு நாளும் குளுருது குளுருதுன்னே கெடந்தவ. அவள எப்பிடி அதுக்குள்ள வைக்க? தீ வேண்டாம்னு சொன்னா, சரி. அதான் தீ கண்ணுல படாம மூடுனேன். சூடு மட்டும் இருக்கட்டும்னு."

செத்துப்போன உடம்புக்குக் குளிராது அத்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அறிவியல் டீச்சர் இல்லையா, அதுதான் முதலில் வந்தது. வாய்வரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செத்த உடம்புக்குக் குளிராது என்றால், செத்த உடம்புக்குச் சுடவும் சுடாது. அப்படியானால் நான் எதற்காகத் தெருவில் நின்று அப்படிக் கத்தினேன்?

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அத்தான் பக்கத்தில் வரவில்லை, தேற்றவும் இல்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.